சைக்கிளில் வந்த வாடிக்கையாளர்



திருமழபாடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு முன் என் தவறால் இழந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றி எழுதுகிறேன். லாபத்தை எல்லோரும் சொல்வோம். நஷ்டத்தைச் சொன்னால்தான் அடுத்தவருக்குப் பயன்படும்.

கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாள் பெட்டிக்கடை வைத்திருந்தார். அவருக்காகச் சரக்கு எடுக்கக் கொழுந்தனார்தான் வருவார். நாங்கள் போட்ட விலை ஒன்று, வீட்டில் அவர் சொன்ன விலை வேறு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 1993 வாக்கில் ஒரு நாள் அந்த அம்மாளே சைக்கிள் மிதித்து வந்து இறங்கினார். துவரம்பருப்பை அள்ளிப் பார்த்து விலை கேட்டார். எங்கள் கணக்குப்பிள்ளை, "வீட்டு ஆம்பளையை அனுப்பும்மா" என்று சிரித்தார். கல்லாவில் இருந்த நானும் சிரித்தேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பினார். அதன்பின் திருமானூர்ப் பக்கம் சரக்கெடுக்கத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் சிரித்த அதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது என்ன தெரியுமா? 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் தந்து, சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். கற்றுக்கொண்டவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வயலில் வேலை செய்பவர், கல் குவாரித் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர் எனப் பலரும் அதில் உண்டு.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. கடைகளில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிவிட்டது. பெண்கள் காத்திருக்கவில்லை, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் பார் இருப்பதால் அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! தேவை எங்கிருந்து வரும் என்பதை வியாபாரி முன்கூட்டியே கணிக்கத் தவறினால் இப்படித்தான் ஆகும்.

சைக்கிளால் என்ன லாபம்? காய்கறி, விளைபொருள் விற்கும் பெண், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. ஒரு நாளில் கூடுதலாக இரண்டு ஊர் போய் வர முடிந்தது. பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட அப்பாவையோ கணவனையோ மகனையோ எதிர்பார்க்கும் நிலை மாறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, விலையைத் தானே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இன்னொரு சாதனம் மின்சார ஆட்டுக்கல். கோவை பி.சபாபதி 1955இல் இதை உருவாக்கினார். என் தாயார் பொழுது சாய்ந்தால் ஆட்டுக்கல் முன் உட்காருவார். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின், எளிய வீடுகளிலும் இந்தப் பாடு குறைந்தது. இன்று எங்கள் பகுதியில் மாவு அரைத்து விற்கும் பெண்கள் உளுந்தும் இட்லி அரிசியும் மூட்டைக் கணக்கில் எடுக்கிறார்கள். போனில் விலை கேட்டு, ஸ்கூட்டரில் தாங்களே வருகிறார்கள்.

ஆனால் நம்மில் சிலர் இன்னும் மாறவில்லை. ஆண் வியாபாரிக்கு முகம் பார்த்துக் கடன் கொடுக்கிறோம். அதே கடனைப் பெண் கேட்டால், "உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும்" என்கிறோம். நான் பார்த்தவரையில் வாரக் கெடுவுக்குத் தவறாமல் பணம் கட்டுபவர்களில் இந்தப் பெண்களே அதிகம். சிட்டை அவர்கள் பெயரிலேயே போடுங்கள். பேசிய விலையை அவர்களிடமே சொல்லுங்கள். கடன் வரம்பை அவர்கள் கொள்முதலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த அம்மாளின் பெட்டிக்கடை இன்று நல்ல மளிகைக் கடை. மகளும் கல்லாவில் உட்காருகிறார். வழியில் கண்டால் அம்மாள் நலம் விசாரிப்பார். சரக்கு மட்டும் இன்றுவரை எங்களிடம் எடுப்பதில்லை. அது நியாயம்தான்.