இரும்பில் பதிந்த பிறந்த தேதி



நம் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் இன்று சிங்கப்பூரில் கார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். அவனைப் பார்க்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். சிராங்கூன் சாலையில் தேநீர் குடிக்கும்போது, "ஐயா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 1965ஆம் ஆண்டு மஸ்டாங் கார் வாங்கப்போகிறோம். செப்பனிட்டு விற்கலாம். எல்லாப் பாகமும் ஒரிஜினலாம்" என்றான். இரண்டாண்டுச் சேமிப்பு அதில் போகவிருந்தது.

சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். பத்தாண்டுக்குப் பிறகு அதைப் புதுப்பிக்கப் பெருஞ்செலவு ஆகும். ஆகவே பழைய கார் அங்கே அபூர்வம். அபூர்வமான பொருளுக்கு விலையும் ஏறும், பொய்யும் ஏறும்.

மஸ்டாங் என்பது ஃபோர்ட் நிறுவனம் 1964 ஏப்ரலில் வெளியிட்ட அமெரிக்கக் கார். நம் பெரியவர்களுக்கு ஃபோர்ட் என்றால் வேறு நினைவு வரும்: 1942இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தது புக்கித் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில்தான்.

இனி சோதனைக்கு வருவோம். அந்தக் கால மஸ்டாங்கின் எண் '5எஃப்07சி' என்பதுபோலத் தொடங்கும். 5 என்றால் 1965. எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை. 07 உடலின் வகை. சி எஞ்சின் வகை. பிறகு ஆறு இலக்க வரிசை எண். ஓட்டுநர் கதவிலுள்ள தகட்டில் இந்த எண்ணோடு கார் கட்டிய தேதியும் இருக்கும். ஆனால் தகட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். எஞ்சின் அறையின் பக்கத் தகரத்தில் அதே எண் குத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். அங்கே அரம் போட்ட தடமோ, வெல்டிங் கோடோ தெரிந்தால் உஷார்!

விற்பவர் எஞ்சினில் 'சி5' என்று இருப்பதைக் காட்டி, "பாருங்கள், 1965" என்றாராம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சி என்பது அறுபதுகள், 5 என்பது ஐந்தாம் ஆண்டு, சரிதான். ஆனால் அது அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டு. அதே அச்சில் அடுத்த ஆண்டும் வார்ப்பார்கள். வார்த்த தேதி தனியாக, இரும்பில் புடைத்து நிற்கும்: ஆண்டுக்கு ஓர் இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி. குத்திய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் குத்தலாம். புடைத்த எழுத்தைப் போலியாகச் செய்வது அத்தனை எளிதல்ல.

பையன் எடுத்து வைத்திருந்த படத்தில் '6பி14' என்று இருந்தது. 1966 பிப்ரவரி 14! கதவுத் தகடோ 1965 மார்ச் என்றது. அண்ணன் கல்யாணத்துக்கு மறுவருஷம் பிறந்த தம்பி அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான் என்றால் நம்புவோமா?

அது ஃபோர்ட் செய்த அசல் எஞ்சின்தான். ஆனால் அந்தக் காரோடு பிறந்ததல்ல. எஞ்சின் மாற்றியது குற்றமில்லை, பழைய வண்டிக்கு அது தேவையும்கூட. ஆனால் மாற்றாத காரின் விலையை அதற்குக் கேட்பது தகாது.

மறுவாரம் போன் செய்தான். தேதியைக் காட்டியதும் விற்பவர் விலையைக் குறைக்க இறங்கி வந்தாராம். இவர்கள் முன்பணம் கொடுக்கவில்லை. கியர் பெட்டியின் தேதியையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.