டொல்பின் பார்த்தாயிற்று, கற்பிட்டியைப் பார்த்தீர்களா?

ஆலங்குடாவில் த்ரீவீலர் ஓட்டுகிறவனிடம் வெளியூர்க்காரர் கேட்கும் முதற்கேள்வி, "நானா, டொல்பினுக்கு எத்தனை மணிக்குப் போட் வெளிக்கிடும்?" என்பதுதான். விடியக் கடலுக்குப் போய், வெயில் ஏற முன் கரைக்கு வந்து, மத்தியானச் சோற்றோடு கொழும்புக்குத் திரும்பிவிடுவார்கள். வடக்கே இருபது கிலோமீற்றர் சொச்சத்தில் கற்பிட்டி என்ற பழைய துறைமுகப் பட்டினம் இருப்பதைப் பலர் விசாரிப்பதே இல்லை.

கடலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இந்தப் பக்கம் கடல் அமைதி. போட் ஓட்டி எழுந்து நின்று தூரத்தில் தண்ணீர் எங்கே வெள்ளையாகச் சிதறுகிறது என்று பார்ப்பார். கூட்டம் கண்ணில் பட்டதும் இஞ்சினைத் தணித்துவிடுவார். சில நாள் நூற்றுக்கணக்கில் வரும். எழும்பி, பம்பரமாய்ச் சுழன்று, விழும். விரட்டச் சொல்லாதீர்கள். இஞ்சின் அடங்கினால் அவையே போட்டுக்குக் கிட்ட வரும். மார்ச், ஏப்ரலில் அதிர்ஷ்டமிருந்தால் ஸ்பேர்ம் திமிங்கிலமும் தென்படும். அப்பால் இருக்கும் பார் ரீப் பவளப்பாறைத் தொடர் 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. சுமார் 300 சதுர கிலோமீற்றர். 1998இல் கடல் சூடேறிப் பவளம் வெளிறிச் செத்தது. மெல்லத் தேறி வந்ததை 2016 மறுபடியும் அடித்தது. மே பிறந்து சோழகம் வீசத் தொடங்கினால் போட் ஓட்டம் நின்றுவிடும். கண்டக்குழிப் பக்கம் பட்டம் பிடித்து அலைமேல் ஓடும் வெள்ளைக்காரர் வந்து இறங்குவார்கள்.

இனி வண்டியை வடக்கே திருப்புவோம். பின்னால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும்; மூன்று அலகுகள், 900 மெகாவாட். இருபுறமும் வெறும் மணல்தான், ஆனால் அந்த மணலில்தான் சின்ன வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன. தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழா. அந்த நாட்களில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, பௌத்தரும் இந்துக்களும் நேர்த்தி வைத்து வருவார்கள்.

கற்பிட்டியின் பெருமை அது இருக்கும் இடத்தில்தான். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. களப்புக்குள் நுழையும் தோணி இந்த முனையைத் தாண்டித்தான் போகவேண்டும். கண்டி இராச்சியத்தின் பாக்கு புத்தளம் வழியே இந்தியாவுக்குப் போனது. அங்கிருந்து துணி வந்தது. இந்த முனையைப் பிடித்தவன் கையில் அந்த வியாபாரத்தின் கழுத்து. போர்த்துக்கேயரிடமிருந்து 1659இல் கற்பிட்டியைப் பறித்த ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டியதற்குக் காரணம் வேறென்ன? 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கடற்படை வசம் இருக்கிறது.

கோட்டைச் சுவரைத் தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். பூப்பூவாய், சிறு சிறு அறைகளாய் வரிகள் தெரியும். கடலில் வெட்டி எடுத்த பவளக் கல் அது. காலையில் போட்டிலிருந்து எட்டிப் பார்த்த அதே சாதிப் பொருள், இங்கே மதிலாக நிற்கிறது. கோட்டைக்கு வெளியே ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயம், பெயர் பொறித்த கல்லறைக் கற்களோடு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுரங்கப்பாதை உண்டென்று ஊரில் கதை சொல்வார்கள். நானும் சொல்வேன், சத்தியம் செய்யமாட்டேன்.

'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இந்தக் கற்பிட்டியில்தான். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1859இல் வெளியிட்டவர். அவருக்கும் பல நூற்றாண்டு முந்தி, 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா, புத்தளம் என்று ஆய்வாளர்கள் கருதும் பட்டினத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்துவிட்டுப் பாவா ஆதம் மலைக்குப் போனார்.

கடல்வழியே வந்தவர்கள் என்றால் எங்களையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து பலர் போட்டில்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள். என் வாப்பாவும் உம்மாவும் அவர்களில் அடக்கம். நான் உம்மாவின் மடியில். ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. பின்பு கல்வீடு, பள்ளிவாசல், கடை. சும்மா மணல் கிராமம் என்று இதைக் கடந்து போகிறவரிடம் இந்த வீடுகளையும் கடைகளையும் காட்டித்தான் விடுவேன்.

அதனால் இரண்டு இரவு தங்குகிற மாதிரி வாருங்கள். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வந்து பாலாவியில் இடப்பக்கம் திரும்பவேண்டும். ஒரு காலை கடலுக்கு, ஒரு காலை பட்டினத்துக்கு. கோட்டைக்குள் போகக் கடற்படையின் அனுமதி வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தலவிலுக்கு முழங்காலை மூடும் உடுப்பு. மத்தியானம் களப்பு நண்டுக் கறியோடு சோறு. டொல்பின் ஒருநாள் வரும், ஒருநாள் ஏமாற்றும். கோட்டை அப்படியில்லை, எப்போது போனாலும் அங்கேயே இருக்கும்.