குதிகாலைக் காட்டச் சொல்லுங்கள்

முதியோர் இல்லம் பார்க்கப் போகிற பிள்ளைகள் முதலில் பார்ப்பது கட்டடத்தைத்தான். முன்னால் புல்தரை இருக்கிறதா, அறையில் ஏசி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பக்கத்தில் கோயில் இருக்கிறதா. தப்பில்லை. ஆனால் அந்தப் புல்தரையில் நடக்க முடிகிற காலத்தில் யாரும் அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் சேர்ப்பதில்லை. ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகோ, பக்கவாதம் வந்த பிறகோ, ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்க ஆரம்பித்த பிறகோதான் அந்தப் பேச்சே எழுகிறது.

நான் கோவைப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். “சிஸ்டர், அம்மாவை ஒரு ஹோம்ல சேர்க்கலாம்னு இருக்கோம், கொஞ்சம் கூட வந்து பாத்துச் சொல்லுங்க” என்று தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போவேன். போனதும் ஆபீஸ் அறையில் ஆல்பத்தை எடுத்துக் காட்டுவார்கள், பொங்கல் விழா, கேக் வெட்டியது எல்லாம் அதில் இருக்கும். பார்த்து முடித்ததும் நான் கேட்பது: “படுத்த படுக்கையா இருக்கறவங்க எந்த ரூம்லங்க இருக்காங்க?”

நடமாடுகிறவருக்கு எந்த இல்லத்திலும் பெரும்பாலும் ஒரு குறையும் வராது. காபி ஆறிப்போயிருந்தால் சத்தம் போடுவார், மகனுக்குப் போன் போடுவார். வாய் பேச முடியாமல், பார்க்க வருகிற ஆளும் இல்லாமல், கடைசிக் கட்டிலில் கிடக்கிறவரை எப்படி வைத்திருக்கிறார்களோ, அதுதான் அந்த இல்லத்தின் தரம். உங்கள் அம்மாவும் ஒருநாள் அந்தக் கட்டிலுக்கு வரக்கூடும். சில இடங்களில் அந்த அறைக்கே விடமாட்டார்கள். “இன்ஃபெக்‌ஷன் வரும்” என்பார்கள். அப்படிச் சொன்னால் நான் வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவேன்.

விட்டார்கள் என்றால், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போர்வையைக் கால்பக்கம் மட்டும் விலக்கச் சொல்லிக் குதிகாலைப் பாருங்கள். படுக்கைப்புண் அதிகம் வருவது புட்டத்துக்கு மேலே முதுகெலும்பு முடிகிற இடத்தில். அதை அந்நியர் யாரும் பார்க்கக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. குதிகால் அப்படியில்லை. அங்கேயும் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதை குறைவு, மெத்தையில் அழுந்திக்கொண்டே இருக்கும், ரத்த ஓட்டம் தடைபடும். நல்ல தோலை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு பழைய நிறத்துக்கு வரும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. நீலம் பாய்ந்த மாதிரி இருக்கும், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்படும். கணுக்காலுக்கு மேலே ஒரு தலையணையைக் கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைத்திருந்தால், அங்கே வேலை தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

“ஏர் பெட் போட்டிருக்கோம் மேடம்” என்பார்கள். கட்டில் ஓரத்தில் தொங்குகிற மோட்டாரைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி அதில் செல்போன் சார்ஜர் மாட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மோட்டார் ஓடினாலும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஆளைத் திருப்பிப் போடுவது நிற்கக் கூடாது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதுகிற சார்ட் கால்மாட்டில் இருக்கும். ஒரு இல்லத்தில் நான் காலை பதினோரு மணிக்கு அதை எடுத்துப் பார்த்தேன். இடது, வலது, மல்லாக்க என்று சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் எழுதி முடித்திருந்தார்கள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து.

பெண்கள் வார்டில் தலைமுடியையும் பார்ப்பேன். வரிசையாக அத்தனை பாட்டிகளுக்கும் கிராப் வெட்டியிருந்தால் பேன் வந்தது என்பார்கள், வெயில் என்பார்கள். சில பேருக்கு அது உண்மையாகவும் இருக்கும். எல்லாருக்குமா? எண்பது வயது வரை கொண்டை போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டினார்களா என்பதுதான் என் கேள்வி. இதைச் சின்ன விஷயம் என்று மேனேஜர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்தது தண்ணீரும் சாப்பாடும். மெனு சார்ட்டைப் படிப்பதைவிட நேரத்தைக் கேளுங்கள். நான் ஒரு பாட்டியிடம், “ஏனுங்கம்மா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்றேன். “ரெண்டு இட்லி கண்ணு. ஆறு மணிக்கே குடுத்துப்போட்டாங்க.” காலை டிபன் அங்கே எட்டு மணிக்கு. பதினாலு மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு விடிகாலையில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், நினைவு தப்பும். கவனிக்க ஆள் இல்லையென்றால் தூங்குகிறார் என்றே விட்டுவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலோ கஞ்சியோ கொடுக்கிறார்களா என்று கேட்டால் போதும், அந்த இல்லத்தில் மருத்துவம் தெரிந்த மூளை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் கதை இன்னும் மோசம். அடிக்கடி டயப்பர் மாற்ற வேண்டுமே என்று சாயந்திரத்துக்கு மேல் தண்ணீரையே குறைத்துவிடுகிற இடங்கள் உண்டு. உதடு வெடித்திருக்கும், நாக்கு காய்ந்திருக்கும். டம்ளர் இருக்கும், ஆனால் கைக்கு எட்டாத ஜன்னல் மேடையில் இருக்கும். தண்ணீர் குறைந்தால் மூத்திரத்தில் கிருமி சேரும். வயதானவர்களுக்கு அதனால் காய்ச்சல்கூட வராமல் திடீரென்று புத்தி தடுமாறும். நேற்றுவரை பேரன் பெயரைச் சொன்னவர் இன்று மகனையே யாரென்று கேட்பார். “வயசாச்சு, மறதி வந்துடுச்சு” என்று மகனும் மேனேஜரும் ஒன்றுபோலத் தலையாட்டுவார்கள். மறதி நோய் ராத்திரியோடு ராத்திரியாக வராது. ஒரே நாளில் குழம்பினால் அது உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அடையாளம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். முதியோருக்கென்று தனி வைத்தியம் நம் ஊருக்குப் புதிதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் 1978லேயே அதற்குத் தனிப் பிரிவைத் தொடங்கிவிட்டார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்தாயிற்று. ஆனால் இல்லத்தில் இருக்கிறவரை அங்கே அழைத்துப் போகலாம் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே.

“இங்க வந்ததுல இருந்து அப்பா ரொம்ப அமைதியா இருக்காருங்க” என்று ஒரு மகள் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தால், டாக்டர் எழுதாத ஒரு தூக்க மாத்திரை தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ரெண்டு பேர் நாற்பது பேரைப் பார்க்கிற இடத்தில், எழுந்து நடக்கிற தாத்தாவைப் படுக்க வைக்க மாத்திரையைவிட மலிவான ஆள் கிடையாது. அரைத்தூக்கத்தில் எழுந்தால் விழுவார், சாப்பிட்டால் புரையேறும். சாயந்திரம் நாலு, அஞ்சு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். பத்து பேரில் எட்டு பேர் நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தால் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள்.

ராத்திரி எத்தனை ஆள் என்பதை மேனேஜரிடம் கேட்டுப் பயனில்லை, ராத்திரி வேலை பார்க்கிறவரிடம் கேட்க வேண்டும். இப்போது அட்டெண்டர் வேலைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வருகிற பெண்பிள்ளைகள் நிறைய. பாஷை தெரியாது என்று நாம் குறை சொல்கிறோம். நான் பார்த்த ஒரு பெண்ணுக்குத் தமிழில் ஏழெட்டு வார்த்தைதான் தெரியும். “பாட்டி, திரும்பு, மெதுவா” என்று சொல்லிவிட்டு, பாட்டி கண்ணைத் திறந்து பார்க்கும்வரை நின்று, பிறகுதான் தோளைத் தொட்டாள். முழுத் தமிழும் தெரிந்த இன்னொரு ஆயா அதே அறையில் ஒரு வார்த்தை பேசாமல் தாத்தாவை அரிசி மூட்டை மாதிரிப் புரட்டிப் போட்டார். எத்தனை மாதமாக இங்கே இருக்கிறாய், லீவு உண்டா, சம்பளம் சரியாக வருகிறதா என்று அந்தப் பெண்ணிடம் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற இடத்தில் யாருக்கு எந்தப் பக்கம் வலி என்று எவருக்கும் தெரிந்திருக்காது.

வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசுகிற பிள்ளைகள், “ரேட்டிங் எவ்வளவு ஆன்ட்டி?” என்பார்கள். அமெரிக்காவில் மத்திய அரசே 2008 முதல் அங்குள்ள நர்சிங் ஹோம்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறது. சோதனையில் அகப்பட்ட குறைகள், ஆள் பலம், நோயாளிகளின் நிலை எல்லாம் அதில் சேரும். முதலில் ஆள் கணக்கை ஹோம்கள் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடுதான் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கும்படி மாற்றினார்கள். அங்கேயே அப்படியென்றால், இங்கே கூகுளில் போட்ட ஐந்து நட்சத்திரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதைப் போட்டவர்களில் எத்தனை பேர் ராத்திரி அங்கே தங்கியவர்கள்?

பதிவுச் சான்று, டெபாசிட் ரசீது எல்லாம் கேட்டு வாங்குங்கள், அது உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்: படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்துக்கொள்வார்களா, வெளியே அனுப்புவார்களா? வில்லா கட்டி விற்கிற சீனியர் லிவிங் இடங்கள் பலவற்றில் நர்சிங் அதில் சேர்த்தியில்லை. அரசு இல்லம் இருக்காதா என்று கேட்டால், 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கணக்கு எங்கே போய் முட்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், காசில்லை.

சேர்க்கிற அன்றைக்கே எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், மாதாமாதம் கேளுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கினால், ஐம்பது கிலோ ஆளுக்கு இரண்டரை கிலோ, ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தோடு ஒரு சின்ன இல்லத்துக்குப் போயிருந்தேன். பழைய ஓட்டு வீட்டைச் சேர்த்துக் கட்டியது, ஆல்பம் எதுவும் இல்லை. நடத்துகிற அம்மாவிடம், “இங்க படுக்கைப்புண்ணோட யாராவது இருக்காங்களா?” என்றேன். எல்லா இடத்திலும் “சேச்சே, நம்மகிட்ட கிடையாதுங்க” என்றுதான் பதில் வரும். இந்த அம்மா, “ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் ஆஸ்பத்திரில இருந்து வரும்போதே புண்ணோட வந்தாரு. இன்னொருத்தருக்கு இங்க வந்ததுதான், போன மாசம் நைட்டுக்கு ஆள் குறைஞ்சிருச்சு” என்று சொல்லி ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். வாராவாரம் புண்ணின் நீளம், அகலம், ஆழம், சென்டிமீட்டரில். நாலு வாரத்தில் நாலு சென்டிமீட்டர் இரண்டரை ஆகியிருந்தது.

அந்த இடத்தையே சொன்னேன். ஏசி இல்லையே, புண் வரும் என்று அவங்களே சொல்றாங்களே என்று மருமகள் தயங்கினார். மகன் அந்த நோட்டை இன்னொரு தடவை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரிக்கு இப்போது எத்தனை ஆள் என்று கேட்டார். கட்டில் காலியாக மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காத்திருந்து சேர்த்தார்கள்.