சுடாமலே ஜெயிக்கலாம்!

1981, ஜூன் 27. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊர். அங்கே காட்டுக்குள் 12 பேர், ஆளுக்கொரு சாயத் துப்பாக்கியோடு இறங்கினார்கள். மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளப் பொட்டு வைக்கச் செய்த துப்பாக்கி அது! உலகின் முதல் 'பெயின்ட்பால்' ஆட்டம் அதுதான். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்கிற மரத்தொழில்காரர். எத்தனை பேரைச் சுட்டார் தெரியுமோ? ஒருத்தரைக்கூட இல்லை! மரத்துக்கு மரம் பதுங்கி நகர்ந்தே கொடிகளைச் சேகரித்துவிட்டார் மனுஷன்.

ஆபீஸ் பிக்னிக்கில் இந்த ஆட்டம் ஆடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். நம்மவர்களில் இரண்டு ரகம். ராம்போ மாதிரி கத்திக்கொண்டே பாய்கிறவர் ஒன்று. முதல் டிரம்முக்குப் பின்னால் பழைய ஃபைல் மாதிரி உட்கார்ந்துவிடுகிறவர் இன்னொன்று. இரண்டாமவரை ரெண்டு பக்கமும் வளைத்துவிடுவார்கள், சார். மறைவிடம் ஒரு பக்கத்துக்குத்தான் மறைவு!

அப்ப என்னதான் செய்யணும்?

விசிலுக்கு முன்பே போக வேண்டிய மறைவிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊதியதும் நேராக ஓடுங்கள். வளைந்து வளைந்து ஓடுவது சினிமாவுக்குச் சரி. இங்கே வெட்டவெளியில் இருக்கும் நேரம்தான் கூடும்.

அடுத்த மறைவிடத்துக்குத் தனியாகக் கிளம்பாதீர்கள். கூட்டாளி படபடவென்று சுட வேண்டும். எதிராளி தலையை உள்ளே இழுப்பான் பாருங்கள், அப்போது ஓடுங்கள். பிறகு நீங்கள் சுட, அவர் ஓடட்டும். ஒரு ஓட்டம் மூணு, நாலு செகண்டுதான்.

பயம் வேண்டாம். குண்டின் வேகம் செகண்டுக்கு 300 அடியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. 100 அடி தூரத்திலிருந்து அது வந்து சேருவதற்குள், குறுக்கே ஓடுகிறவர் நாலைந்து அடி தள்ளிப் போயிருப்பார்.

மறைவிடம் நெருங்கியதும், பவுண்டரியைத் தடுக்கிற ஃபீல்டர் மாதிரி காலை முன்னால் நீட்டிச் சறுக்குங்கள். தலை முதலில் வேண்டாம். பிறகு மேலே எட்டிப் பார்க்காமல், பக்கவாட்டில் பாருங்கள். ஒரே பக்கம் ரெண்டு தடவை எட்டினால், அங்கேயே குறிவைத்துக் காத்திருப்பான்.

எவ்வளவு வியர்த்தாலும், கண்ணாடியில் ஆவி படிந்தாலும், மைதானத்தில் முகமூடியை மட்டும் கழற்றாதீர்கள். சட்டையில் பட்ட சாயம் துவைத்தால் போகும். கண் போனால் போனதுதான்!

"மானேஜரைச் சுடலாமா?" என்கிறீர்களா? தாராளமாக! ஆனால் பின்பக்கமாக நகர்ந்து போய், யார் சுட்டது என்று தெரியாமல் சுடுங்கள். இன்கிரிமென்ட் நேரமில்லையா!