தைராய்டு புற்றுநோயும் தடைகாப்பு செல்களும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் தைராய்டு சுரப்பியை ஒரு பாடத்திலும் புற்றுநோயை இன்னொரு பாடத்திலும் நடத்துகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர் கேட்கக்கூடிய கேள்வி இது: "கிருமிகளைக் கொல்லும் வெள்ளையணுக்கள் புற்றுநோய் செல்லை மட்டும் ஏன் விட்டுவிடுகின்றன?"

அவை விட்டுவிடுவதில்லை என்பதே முதல் பதில். எண்ணூர், இராயபுரம் பகுதிப் பிள்ளைகளுக்குத் துறைமுக வாயிலைக் கொண்டு இதை விளக்கலாம். அனுமதிச் சீட்டைக் காட்டாமல் அங்கே யாரும் உள்ளே போக முடியாது. அதுபோல ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டியபடி இருக்கிறது. கொல்லும் டி செல்கள் அவற்றைச் சோதித்து, மாறுபட்ட துண்டைக் காட்டும் செல்லை அழிக்கின்றன. சீட்டே காட்டாத செல்களை இயற்கைக் கொல்லி செல்கள் கவனித்துக்கொள்கின்றன.

இத்தனை காவலையும் மீறித் தைராய்டு புற்றுநோய் செல்கள் மூன்று வழிகளில் தப்புகின்றன.

1. சீட்டை மறைத்தல்: புரதத் துண்டுகளைக் காட்டும் மூலக்கூறுகளைக் குறைத்துக்கொள்கின்றன.

2. தடை போடுதல்: 'பி.டி.-எல்1' என்னும் புரதத்தைக் காட்டி, டி செல்லின் தாக்குதலை நிறுத்துகின்றன. டி செல்களில் உள்ள இத்தகைய தடைகளை நீக்கும் சிகிச்சைக்கு வழிவகுத்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

3. காவலரையே வசப்படுத்துதல்: பெருவிழுங்கு செல்கள் கட்டியின் வளர்ச்சிக்கு உதவத் தொடங்குகின்றன. அரிதான, மிகக் கொடிய 'அனாபிளாஸ்டிக்' வகைக் கட்டியில் ஏறத்தாழப் பாதி செல்கள் இவையாகவே இருக்கக்கூடும்.

தைராய்டில் லிம்போசைட்டுகள் குவியும் நோயை ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தார். இந்நோயோடு 'பாப்பிலரி' வகைப் புற்றுநோயும் உள்ளவர்களிடம், புற்றுநோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது குறைவு எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், அதே நீடித்த அழற்சி புற்றுநோய் தோன்றவும் காரணமாகலாம் என்ற கருத்தும் உண்டு. ஆகவே தடைகாப்பு செல்கள் எப்போதும் நண்பன் என்றோ எப்போதும் பகைவன் என்றோ மாணவர்களிடம் சொல்லிவிட முடியாது.

இதை ஆசிரியர் தெளிவாக உணர்ந்திருப்பது அவசியம். 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடிகளை நம்பி, கழுத்துக் கட்டியோடு மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. சிக்கல் சக்திக் குறைவு மட்டுமன்று, செல்கள் ஏமாற்றப்படுவதும்தான். பொடி அதைச் சரிசெய்யாது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்பதால், நம் மாணவர்களின் அம்மாக்களையும் அக்காக்களையும் நினைவில் கொள்வோம்.

கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் கட்டி, நீடித்த குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால் பரிசோதனை தேவை. நமக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இருக்கிறது. மிகப் பரவலான பாப்பிலரி வகையை உரிய காலத்தில் கண்டறிந்தால், அறுவை சிகிச்சையாலும் தேவைப்பட்டால் கதிரியக்க அயோடினாலும் பெரும்பாலோர் நலமடைகின்றனர். பாடத்தின் முடிவில் இந்த ஒரு செய்தியையாவது மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும்.