உங்களுக்குத் தெரியுமா? சட்டைப் பையில் ஒரு கார்பைடு குண்டு!

ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குப் போங்கள். செக்யூரிட்டி மேஜையில் ஒரு ரிஜிஸ்டர் விரித்தபடி கிடக்கும். அதன் பக்கத்திலேயே, யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி நூல் கட்டிய ஒரு பால்பாயிண்ட் பேனா! மூடி எப்போதோ தொலைந்திருக்கும். இந்த வாரம் அந்தப் பேனாவின் கதைதான். தேடத் தேடக் கிடைத்ததெல்லாம் வெடி!

அதன் முனையில் உருளும் குண்டு எவ்வளவு பெரியது தெரியுமா? 1 மில்லிமீட்டர்! பல பேனாக்களில் 0.7, 0.5 என்று இன்னும் சின்னது!

அது வெறும் இரும்புக் குண்டு என்றா நினைத்தீர்கள்? இன்றைய பெரும்பாலான பேனாக்களில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு! சி.என்.சி. ஆபரேட்டர்களே, இரும்பைச் சீவச் சீவ மழுங்கி, நீங்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்களே இன்சர்ட், அதுவும் இதே கார்பைடு குடும்பம்தான்! வெட்டுகிற கருவியும் எழுதுகிற முனையும் ஒரே சாதி. பத்து ரூபாய்ப் பேனாவுக்குள் இவ்வளவு பெரிய சங்கதி!

இன்னொரு ஓசூர்க் கணக்கு. நம்ம ஊர் டைட்டன் உருவாக்கிய ‘எட்ஜ்’ கைக்கடிகாரத்தின் உள் இயந்திரம் மொத்தமே 1.15 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தப் பேனாக் குண்டைவிட ஒரு மயிரிழைதான் கூடுதல்!

உருளும் முனைப் பேனாவுக்கு அமெரிக்காவில் ஜான் லவுட் காப்புரிமை வாங்கியது 1888 அக்டோபர் 30. எதற்காக? தோலில் குறி போட! பேப்பரில் அது சரியாக எழுதவே இல்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிக்கு அப்போது வயது 9!

பேப்பரில் எழுத வைத்தவர் ஒரு பத்திரிகைக்காரர்! ஹங்கேரியின் லாஸ்லோ பிரோ. அச்சு மை சட்டென்று காய்கிறது, ஃபவுண்டன் பேனா மை மட்டும் ஈஷுகிறதே என்று கடுப்பானவர். அச்சு மையைப் பேனாவில் ஊற்றினால் இறங்கவில்லை. அவ்வளவு கெட்டி! அப்போதுதான் முனையில் குண்டு வந்தது. மை தயாரிக்கக் கைகொடுத்தவர் சகோதரர் ஜியார்ஜி. உலகப் போர் துரத்த, குடும்பமே அர்ஜென்டினா போனது. 1943-ல் அங்கே காப்புரிமை!

பிரோ பிறந்தது செப்டம்பர் 29. அர்ஜென்டினாவில் இன்றும் அதுதான் கண்டுபிடிப்பாளர்கள் தினம். ஒரு பேனாவுக்காக ஒரு நாடே கொண்டாடுகிறது!

முதல் பெரிய கஸ்டமர் யார்? பிரிட்டிஷ் விமானப்படை! உயரத்தில் பறந்தால் ஃபவுண்டன் பேனா கக்கிவிடும். இது கக்கவில்லை. வாங்கியது 30,000 பேனா!

1945 அக்டோபர் 29, நியூயார்க். கிம்பெல்ஸ் கடை வாசலில் கூட்டமோ கூட்டம். மில்டன் ரெனால்ட்ஸ் என்ற வியாபாரி அர்ஜென்டினாவில் பிரோவின் பேனாவைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பிச் சில மாதங்களில் தன் பேனாவை இறக்கிவிட்டார். தண்ணீருக்கு அடியிலும் எழுதும் என்று விளம்பரம் வேறு! விலை 12.50 டாலர். ஒரே நாளில் விற்றது சுமார் 10,000!

இதே ரெனால்ட்ஸ் 1947 ஏப்ரலில் என்ன செய்தார் தெரியுமா? ‘ரெனால்ட்ஸ் பாம்ப்ஷெல்’ என்று ஒரு விமானத்துக்குப் பேர் வைத்தார். பைலட் பில் ஓடம். ரெனால்ட்ஸும் ஏறிக்கொண்டார். கராச்சியில் இறங்கினார்கள், கல்கத்தாவில் இறங்கினார்கள். நமக்குச் சுதந்திரம் கிடைக்க அப்போது இன்னும் நான்கு மாதம்! உலகையே சுற்றிவந்து சாதனை. ஆன நேரம் 78 மணி 55 நிமிடம்!

பிரான்சில் பள்ளிக்கூடங்கள் பால்பாயிண்ட் பேனாவைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்றன. கையெழுத்து கெட்டுவிடுமாம்! நம் வாத்தியார்களும் இதையேதானே சொன்னார்கள்? அங்கே அனுமதி கிடைத்தது 1965-ல்!

ஆனால் அதே பிரான்சின் ‘பிக் கிரிஸ்டல்’, 1950-ல் வந்தது, விற்றுத் தள்ளியது. 2005-ல் எண்ணிக்கை 10,000 கோடியைத் தொட்டது! நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் அதற்கு நிரந்தர இடம்!

அந்த ஒரு பேனா 2 கிலோமீட்டருக்கு மேல் கோடு போடும். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டி ஊர் போய்ச் சேரும்வரை கோடு இழுக்க எத்தனை பேனா வேண்டும்? வெறும் 20!

பேனா மூடியின் உச்சியில் ஒரு ஓட்டை இருக்குமே, அதில் வாய் வைத்து விசில் அடித்திருப்பீர்கள். அது விளையாட்டுக்கு வைத்ததல்ல! குழந்தை தவறி விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வர வழி! ஒரு ஓட்டை, ஒரு உயிர்!

வெள்ளை உடம்பு, நீல மூடி. ரெனால்ட்ஸ் 045! பேர் வெளிநாடு. நம் பரீட்சை ஹால்களை நிறைத்த அந்தப் பேனாவைத் தயாரித்தது சென்னைக் கம்பெனி, ஜி.எம். பென்ஸ்!

பால்பாயிண்ட் பேனா ஆபீஸைப் பிடித்தது அழகால் அல்ல, அழுத்தத்தால்! ஃபவுண்டன் பேனாவை அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும். இதுவோ கார்பன் பேப்பருக்கு அடியில் மூன்றாவது காப்பி வரைக்கும் இறங்கும். டெலிவரி சலான், கேட் பாஸ், பில் புக் எல்லாம் அந்த ஒரு அழுத்தத்தில் பிறந்தவை! ஜூஜூவாடி வழியாக எல்லை தாண்டிய லாரிகளில் எத்தனை லட்சம் காப்பி போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்! தமிழில் ஒரு கையெழுத்து, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. பேனா மட்டும் ஒன்றே!

ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனப் பொட்டு. கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்த பேனாவுக்கும் அதே பொட்டு! மெஷினுக்குச் சமமான மரியாதை வாங்கிய ஸ்டேஷனரி வேறு எது?

உலகத்துக்கே பேனா கொடுக்கிற சீனா, அதன் முனையைச் செய்ய முடியாமல் திணறியது தெரியுமா? ஆண்டுக்குச் சுமார் 3,800 கோடி பேனா! ஆனால் முனைக்கான ஸ்டீல் வெளிநாட்டிலிருந்து, முனை கடையும் மெஷின் சுவிட்சர்லாந்திலிருந்து! ‘நம்மால் ஏன் முடியவில்லை?’ என்று அன்றைய பிரதமர் லீ கச்சியாங்கே கேட்டுவிட்டார். தையுவான் ஸ்டீல் ஆலை ஐந்தாண்டு மல்லுக்கட்டி, 2017-ல் ஒருவழியாக அந்த ஸ்டீல் கம்பியை இழுத்தது. ராக்கெட் விட்ட நாட்டுக்குப் பேனா முனை அதற்கப்புறம்தான்!

ராக்கெட் என்றதும் அந்தப் பழைய கதை ஞாபகம் வருமே? விண்வெளிப் பேனாவுக்கு நாசா கோடிக்கணக்கில் கொட்டியது, ரஷ்யர்கள் பென்சிலோடு போனார்கள் என்று. நாசா கொட்டியதாகச் சொல்வது பொய்! முதலில் பென்சில் வாங்கியதே நாசாதான். 34 மெக்கானிக்கல் பென்சில், ஒன்றின் விலை 128.89 டாலர்! பேனா செய்தவர் பால் ஃபிஷர் என்ற தனியார் தொழிலதிபர். செலவு அவர் கைக்காசு. ரீஃபிலுக்குள் நைட்ரஜனை அடைத்து மையைத் தள்ளவைத்தார். 1968-ல் அப்பல்லோ 7-ல் பறந்தது. அடுத்த ஆண்டே சோவியத் யூனியனும் ஆர்டர் போட்டது. 100 பேனா, 1,000 ரீஃபில்!