மேலே போன வரி எங்கே போகிறது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கணினி அறை என்று வைத்துக்கொள்வோம். கப்பலேற வேண்டிய பெட்டிகளின் பார்கோடு பட்டியலை ஒரு நிரல் சரிபார்க்கிறது. டெர்மினலின் கருந்திரையில் ஐயாயிரம் வரிகள் சரசரவென்று ஓடி முடிகின்றன. நடுவில் எங்கோ சிவப்பாக ஒரு பிழைச்செய்தி வந்துபோனது. மவுஸ் சக்கரத்தை உருட்டி மேலே போனால், பாதியிலேயே திரை நின்றுவிடுகிறது. சிவப்பு வரியைக் காணோம்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. யூனிக்ஸ் பிறந்த நாட்களில் டெர்மினல் என்பது டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். கணினி சொன்னதெல்லாம் காகிதச் சுருளில் அச்சாகித் தரையில் புரளும். குனிந்து எடுத்துப் படித்துக்கொள்ளலாம். 1978இல் வந்த விடி100 என்ற டெர்மினலின் திரையில் 24 வரிகள்தான். மேல் விளிம்பைத் தாண்டிய வரி போனது போனதுதான். இன்றைய டெர்மினல் மென்பொருள்கள் அந்தக் காகிதச் சுருளை நினைவகத்தில் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. அதற்குப் பெயர் ஸ்க்ரோல்பேக். ஆனால் சுருளுக்கு ஒரு நீளம் உண்டு. அது நிறைந்ததும், புது வரி வரவர மிகப் பழைய வரி அழியும்.

காலிபர் என்ற மின்னூல் மென்பொருளை 2006இல் தொடங்கிய இந்தியர் கோவித் கோயல் எழுதிய டெர்மினல்தான் கிட்டி. அதில் இந்த நீளம், நாம் மாற்றாதவரை, 2000 வரி. சேர்ந்த வரிகளை அது லெஸ் என்ற நிரலில் திறந்து காட்டும். படிக்க அது போதும். வேலை செய்யப் போதாது. அங்கேதான் நியோவிம் என்ற எடிட்டருக்கான கிட்டி-ஸ்க்ரோல்பேக் செருகுநிரல் உதவுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுருளில் மிஞ்சியிருக்கும் வரிகள் முழுவதும் ஓர் எடிட்டர் பக்கமாகத் திறக்கும். ‘பிழை’ என்று தேடலாம், வேண்டிய வரியை நகலெடுக்கலாம், பழைய கட்டளையைத் திருத்தி அங்கிருந்தே மறுபடி ஓட்டலாம்.

நிறங்களும் அப்படியே வரும். ஏனென்றால் டெர்மினலுக்கு நிறமும் எழுத்தாகத்தான் வந்து சேர்கிறது: 27ஆம் எண்ணுக்குரிய எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, 31, எம். இந்தச் சரம் வந்தால், வேறு நிறக்குறி வரும்வரை அடுத்து வருவதெல்லாம் சிவப்பு. செருகுநிரல் அந்தக் குறிகளோடு சேர்த்தே வரிகளைக் கேட்டு வாங்குகிறது. அப்படிக் கேட்க, கிட்டியின் அமைப்புக் கோப்பில் ரிமோட் கன்ட்ரோலுக்கு அனுமதி தர வேண்டும். ‘சாக்கெட் வழி மட்டும்’ என்ற தெரிவை வையுங்கள். முழுதாகத் திறந்துவிட்டால் டெர்மினலுக்குள் ஓடும் எந்த நிரலும், தொலைவிலுள்ள சர்வரில் ஓடுவது உட்பட, உங்கள் டெர்மினலை ஆட்டுவிக்கலாம்.

என்னை மிகவும் வியக்கவைத்தது இன்னொன்று. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி அழுத்தினால் கடைசிக் கட்டளையின் வெளியீடு மட்டும் தனியே வரும். டெர்மினலுக்கு எல்லாமே எழுத்துகள்தானே, ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அதற்கு எப்படித் தெரிகிறது? தோல் பதனிடும் இடங்களில் தோலில் துளையிட்டு அடையாளம் வைப்பது பழைய தொழில் வழக்கம். சுண்ணாம்பிலும் டிரம்மிலும் புரண்டாலும் எந்த லாட் என்பதைத் துளை சொல்லிவிடும். நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரலும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் வெளியீட்டுக்கு முன்னும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை, 133 என்ற எண்ணோடு, வரிகளுக்கிடையே பதித்துவிடுகிறது. எத்தனை ஆயிரம் வரி ஓடினாலும் லாட் மாறுவதில்லை. இந்தக் குறி விழ, கிட்டியின் ஷெல் இன்டக்ரேஷன் என்ற வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல, செருகுநிரலிலேயே செக்ஹெல்த் கட்டளை இருக்கிறது. அதற்கும் முன்னால், அந்த 2000ஐ உங்கள் வேலைக்குத் தக்கபடி உயர்த்துங்கள். நீண்ட வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உயர்த்துங்கள்: புதிய எண் இனித் திறக்கும் ஜன்னல்களுக்கு மட்டுமே செல்லும், ஏற்கெனவே திறந்திருப்பதற்குச் செல்லாது.